தியலும: மலையின் நீரும் மக்களின் நிலமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக வெல்லவாய, மொனராகலை என நீண்டு கிழக்குக் கரையை நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில், கொஸ்லாந்தையைக் கடந்து ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் சென்றால் வீதியோரத்திலேயே தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். 220 மீற்றர், அதாவது சுமார் 720 அடி உயரத்திலிருந்து செங்குத்தான பாறைச் சுவரில் விழும் இது, இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. முதலிடத்திலுள்ள பம்பரகந்தையும் அதே மலைத்தொடரில், கலுபஹன பகுதியில் இருக்கின்றது. ஒரு சிறிய தீவின் மிக உயரமான இரு நீர்வீழ்ச்சிகளும் ஊவா மாகாணத்தின் ஒரே மலைச்சரிவில் அமைந்திருப்பது இயற்கை அந்த மண்ணுக்கு அளித்த கொடை எனலாம்.

நிர்வாக எல்லையின்படி தியலும பதுளை மாவட்டத்துக்கு உரியது. ஆயினும் அதன் நீர் மொனராகலை மாவட்டத்துக்கே இறங்குகிறது. பூனாகலை மலைகளில் ஊறிவரும் பூனாகலை ஓயா பாறை விளிம்பில் விழுந்து, குடா ஓயாவுடன் சேர்ந்து, பின்னர் கிரிந்தி ஓயாவில் கலந்து, லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்தை அடைந்து, திஸ்ஸமகாராம வயல்களுக்குப் பாய்கின்றது. மேலே தேயிலை, கீழே நெல். மேலே பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர், கீழே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். இரு சமூகத்தாரும் ஒரே நீரின் இரு முனைகளில் வாழ்கின்றனர்.

இந்த நீர்வீழ்ச்சியைச் சூழலியல் சுற்றுலாத் தலமாக வளர்த்தால் அப்பகுதி மக்களின் வறுமை நீங்கும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருந்து வருகிறது. அது வெறுங்கனவு அன்று. ஆனால் அந்த வருமானம் யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு, மலையின் வரலாற்றைப் படிக்காமல் விடை காண இயலாது.

நிலம் கைமாறிய கதை

1815 ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி வெடித்தது. இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதி அந்தப் பழைய வெல்லஸ்ஸ. நூறாயிரம் வயல்களின் நாடு என்று பெயர்பெற்ற பூமி அது. 1817, 1818 ஆகிய இரு ஆண்டுகளில் ஆங்கிலப் படை அக்கிளர்ச்சியை அடக்கிய விதம் மிகக் கொடியது. வயல்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன, நீர்ப்பாசனம் சிதைந்தது. கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பர் 26 ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட நூலில் ஊவாவின் பேரழிவைப் பதிவு செய்திருக்கிறார்.

போர் பறித்தவற்றுக்கு அப்பால் எஞ்சியதைச் சட்டம் பறித்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தின்படி, உரித்தை எழுத்தில் நிறுவ முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் அரசுக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. பரம்பரை பரம்பரையாகச் சேனை செய்தவரிடம் உறுதிப்பத்திரம் ஏது? காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங் போன்ற அற்ப விலைக்குக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. பத்திரம் இல்லாதவனுக்கு நிலம் இல்லை என்ற நியதி இம்மலைகளில் அன்றே வேரூன்றிவிட்டது. பிற்காலத்தில் அதே நியதி வேறொரு மக்களையும் வாட்டியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அந்த வேறு மக்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து சென்றவர்கள். வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தோட்டத்துக்கு மேலே, அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் மலையுச்சி இன்று ‘லிப்டன் சீற்’ என்ற பெயரில் உல்லாசப் பயணிகள் கட்டணம் செலுத்திக் காணும் இடமாகியுள்ளது. அந்த உச்சியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை தெரியும் பச்சையை உண்டாக்கியவர்களின் பெயரில் ஒரு கல்லும் அங்கே இல்லை.

இரயில் பாதை 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்லப் போடப்பட்ட அந்தப் பாதைதான் இன்று உலகெங்குமிருந்து பயணிகளை எல்லவுக்குக் கொண்டுவருகிறது. ஒரு காலத்தின் உழைப்பு இன்னொரு காலத்தின் காட்சிப் பொருளாகிறது. மலைநாட்டுச் சுற்றுலாவின் மூலதனம் இப்படித்தான் திரண்டது.

குடியுரிமையும் குடியிருப்பும்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. உறவுகள் பிரிந்தன, ஊவாத் தோட்டங்களிலிருந்தும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் குடும்பங்கள் சென்றன. எஞ்சியிருந்த பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தினால்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

வாக்குரிமை வந்தது. வீட்டுரிமை வரவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. துரைமாரின் கைகள் மாறினவேயன்றி, லயன் அறையில் குடியிருப்பவருக்கு அந்த அறைமீது உரித்து ஏற்படவில்லை. அவருக்கு வரும் கடிதம் தோட்டத்தின் முகவரிக்கே வந்து சேரும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்கூடத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் அத்தோட்டத்துக்கு ஒரு பாதையோ கிணறோ அமைக்கச் சட்டம் இடந்தரவில்லை. 2018 இல் தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. நீர்வீழ்ச்சிக்கு நடைபாதை அமைப்பது பற்றிப் பேசுவோர் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மீரியபெத்த தரும் பாடம்

2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன் வரிசைகள், கோயில், கடைகள் யாவும் சில நிமிடங்களில் சேற்றுக்குள் மறைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தும் காணாமற்போயும் போயினர். பலரது உடல்கள் இறுதிவரை மீட்கப்படவேயில்லை. காலையில் பாடசாலைக்குச் சென்றதனால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலர் மாலையில் தாய் தந்தையற்றவர்களாயினர். அவ்விடம் மண்சரிவு அபாயமுள்ளது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மாற்றுக் காணி எங்கும் இருக்கவில்லை. போவதற்கு இடமில்லாதவர் அபாயத்தோடுதானே உறங்க வேண்டும்?

இரண்டாண்டுகளின் பின் 2016 இல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கெனப் பூனாகலை மாக்கல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. அந்த மாக்கல்தெனியப் பக்கமாகத்தான் தியலும நீர்வீழ்ச்சியின் உச்சிக்குப் பாதை செல்கிறது. பாறை விளிம்பில் இயற்கை குடைந்து வைத்துள்ள தடாகங்களும், படிப்படியாக இறங்கும் சிறு அருவிகளும் அங்கே உள்ளன. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சமூக ஊடகப் படங்களால் உலகப் புகழ்பெற்றது இந்த ‘மேல் தியலும’தான். மண்சரிவில் வீடிழந்தவர் குடியேறிய மலையும், உல்லாசப் பயணிகள் தேடிவரும் மலையும் ஒன்றாகிவிட்டன.

அபாயமும் நீங்கிவிடவில்லை. 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன் குடியிருப்புகள் சேதமடைந்தன. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டபோது, மண்சரிவினால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

இவ்விடத்தில் ஊவாவின் பருவங்களையும் நோக்க வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனையைத் தருகிறது. உலகச் சந்தையில் அந்தப் பருவத் தேயிலைக்கே மதிப்பு அதிகம். அக்காலத்தில் தியலும மெலிந்து வெண்ணூல் போல் தொங்கும். அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை பெய்யும்போது அருவி முழு வலிமையோடு விழும். மண்சரிவு அச்சமும் அதே மாதங்களில்தான். நீர்வீழ்ச்சி மிக அழகாக இருக்கும் காலமே லயத்து மக்கள் உறக்கமின்றி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். இந்த உண்மையை உள்ளடக்காத எந்தச் சுற்றுலாத் திட்டமும் மலையை அறியாதவர் எழுதிய திட்டமாகவே இருக்கும்.

வாய்ப்பு எவ்வளவு, வழி எது?

இலங்கையில் 1966 இல் சுற்றுலாச் சபை அமைக்கப்பட்டபோது கடற்கரையே முதன்மை பெற்றது. மலைநாடு இரயிலில் வந்து, வாடிவீட்டில் ஓரிரவு தங்கி, தேநீர் அருந்திச் செல்லும் இடமாகவே இருந்தது. 2018 இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் நாட்டுக்கு வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து வீழ்ச்சியுற்ற இத்துறை, 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களில் ஒரு பகுதியினர் எல்லவுக்கு வருகின்றனர். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி. வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலையில் பாறையில் செதுக்கப்பட்ட ஏழு பௌத்தச் சிலைகள், அவற்றுள் நடுநாயகமான புத்தர் சிலை 51 அடி உயரம். தியலுமவையும் சேர்த்தால் இரண்டு நாட்கள் தங்கிப் பார்க்கத்தக்க ஒரு வட்டம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. மொனராகலை போன்ற வறிய மாவட்டத்துக்கு இது சிறிய வாய்ப்பன்று.

ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்வதற்குப் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. உச்சிக்கு ஒரு குழுவை அழைத்துச் சென்று திரும்பும் வழிகாட்டி ஒரு முற்பகலில் அதற்கு மேலாகவே பெறக்கூடும். லயத்து இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகாமல் ஊரிலேயே தொழில் காண இது வழி திறக்கலாம்.

ஆயினும் எல்ல நமக்கு எச்சரிக்கையாகவும் நிற்கிறது. ஒரு சிற்றூர் சில ஆண்டுகளில் விடுதிகளால் நிரம்பியது. செங்குத்தான சரிவுகளில் கட்டடங்கள் எழுந்தன. மண்சரிவு அபாயம் பற்றி அதிகாரிகள் பேசத் தொடங்கிய பின்னரும் கட்டுமானம் ஓயவில்லை. தியலுமவின் உச்சியிலும் கூடாரமிடுவோர் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக்கும் போத்தல்களும் குவிகின்றன. வழுக்கும் பாறையில் விழுந்து இறந்தோர் பற்றிய செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. அங்கே வீசப்படும் குப்பை பூனாகலை ஓயாவோடு இறங்கிக் கீழேயுள்ள விவசாயியின் வாய்க்காலுக்கே வந்து சேரும். தமிழக வாசகர்கள் குற்றாலத்தை நினைத்துப் பார்க்கலாம். குறவஞ்சி பாடப்பெற்ற அந்த அருவியில் சவர்க்காரமும் சாம்புவும் எண்ணெயும் பயன்படுத்துவதைத் தடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட நேர்ந்தது.

நீரே இல்லாமற்போகும் ஆபத்தும் உண்டு. தலவாக்கலையில் 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்தினால் சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீர் குறைந்தது. பகல் நேரத்தில் குறிப்பிட்ட அளவு நீர் விடப்பட வேண்டுமென்ற நிபந்தனையோடுதான் அத்திட்டமே நிறைவேறியது. அருவியைக் காப்பது என்பது அதன் தலையிலுள்ள காட்டையும் ஊற்றையும் காப்பதாகும். அந்தப் பணியை அன்றாடம் செய்யக்கூடியவர் அங்கே வாழ்பவர் மட்டுமே.

சூழலியல் சுற்றுலா என்ற கருத்து உலகில் பரவி, 2002 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை அதற்குரிய ஆண்டாக அறிவித்தபோது, இரு நிபந்தனைகள் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன. இயற்கை காக்கப்பட வேண்டும். உள்ளூர் மக்களின் வாழ்வு உயர வேண்டும். இரண்டாவது நிபந்தனை நிறைவேறாவிடின் அது வெறும் வேடிக்கை பார்ப்புத்தான்.

நடைமுறையில் இது இயலுமா என்று ஐயுறுவோருக்குத் தேனி மாவட்டத்தின் எல்லைக்கு அப்பால், கேரளத்தின் தேக்கடியில் ஓர் உதாரணம் உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணை மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்று வந்த இருபதுக்கும் மேற்பட்டோர், 1990களின் பிற்பகுதியில் வனத்துறையுடன் உடன்பாடு கண்டு, தாங்களே ஒரு குழுவாக அமைந்து பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாயினர். வருமானம் குழுவின் பொது நிதிக்குச் சேர்கிறது. அங்கத்தவர் ஊதியம் பெறுகின்றனர். காட்டைக் காவல் செய்வதும் அவர்களது கடமை. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் திருடும்போது கற்றவர்கள், அதே அறிவைக் கொண்டு அதைக் காக்கின்றனர். அவர்களுக்கு வனத்துறை எழுத்து மூலமான இடத்தை அளித்தது என்பதே அந்த வெற்றியின் இரகசியம்.

தியலுமவில் இல்லாதது அதுவே. உச்சிக்குச் செல்லும் பாதையின் பெரும்பகுதி தோட்டக் காணி. அங்கே ஒரு தேநீர்க் கடை வைப்பதற்கும், தன் வீட்டில் ஓர் அறையைப் பயணிக்கு அளிப்பதற்கும், வங்கியில் சிறு கடன் கேட்பதற்கும் முதலில் வேண்டுவது காணியின் உரித்து. அது இல்லாதவர் பிறர் நடத்தும் விடுதியில் பாத்திரம் கழுவலாம். கொழுந்துக் கூடையோடு படத்துக்கு நின்று சில்லறை பெறலாம். மூலதனமும் பத்திரமும் கொண்டு வெளியிலிருந்து வருபவரே முதலாளியாவார். கோப்பியில் நடந்தது, தேயிலையில் நடந்தது, மூன்றாம் முறையாக அருவியிலும் நடக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. பாதுகாப்பான இடத்தில் வீடும் அதற்குரிய முழுமையான உறுதிப்பத்திரமும் தோட்டக் குடும்பங்களுக்கு வழங்கப்பட வேண்டும். மேலேயுள்ள தோட்ட இளைஞரும் கீழேயுள்ள கிராம இளைஞரும் சேர்ந்த ஒரு வழிகாட்டிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு அனுமதி வேண்டும். நுழைவுக் கட்டணம் அறவிடப்படுமாயின் அதில் ஒரு பங்கு அத்தோட்டத்தின் குடிநீருக்கும் பாதைக்கும் செலவிடப்பட வேண்டும். 2018 இன் சட்டத்திருத்தத்தின் பின் பிரதேச சபைகள் சாக்குச் சொல்ல முடியாது. மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் உச்சிப் பாதை மூடப்பட வேண்டும். அந்நாட்களில் பயணிக்குத் தரப்படும் பாதுகாப்பு லயத்துக் குடும்பத்துக்கும் தரப்பட வேண்டும்.

2023 இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மூதாதையர் நடந்த அதே வழி. அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது காணியுரிமை. பூனாகலை மலையில் பிறக்கும் ஓயா எந்தப் பத்திரமும் இல்லாமல் மாவட்டங்களைக் கடந்து கடலுக்குச் செல்கிறது. அதன் கரையில் ஐந்தாறு தலைமுறையாக உழைப்பவருக்கு மட்டும் ஏழு பேர்ச் காணிக்கு ஒரு பத்திரம் எழுத இந்த நாட்டுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?